அளவு சரியாக இருந்த குப்பி

குன்னத்துகால் லதிகாவைச் சாராயக் குப்பியோடு பிடிபட்டவள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது.

வெயிலை மின்சாரமாக்கும் சேர்மம் ஒன்றை அவள் வடிவமைத்தாள். முதலில் கிடைத்தது எதிலும் கரையாத, செங்கல் பொடி போன்ற தூள். கரைந்தால்தானே கண்ணாடியில் மெல்லிசாகப் பூச முடியும்? மூலக்கூறின் பக்கவாட்டில் நீளமான கார்பன் சங்கிலிகளை மாற்றி மாற்றி இணைத்தாள். நான்காம் வருடம், 1996இல், அது குளோரோபார்மில் கரைந்து மாதுளைச் சாறாக நின்றது. கரைசலில் காற்றும் வெயிலும் சேர்ந்து பட்டால் பாழாகிவிடும். கையில் இருந்தது அந்த ஒரு குப்பிதான்; கறுப்புத் தாள் சுற்றி, சோதித்துப் பார்க்க மதுரைக்குக் கொண்டுபோனோம்.

பாறசாலை தாண்டியதும் கேரள-தமிழ்நாடு எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காவலர் தாளைக் கிழித்து, மூடியைத் திறந்து மோந்தார்.

“ஸ்பிரிட் ஆக்கும்.”

“இல்ல சாரே, வெயில்ல கரண்ட் எடுக்கதுக்குள்ள சாதனம். வெயில்ல வைக்காதீங்க, கெட்டுப்போவும்,” என்றாள் லதிகா.

“வெயிலுக்குள்ள சாதனம் வெயில்ல கெடுமா?”

மூடியைத் திருகி, வெயில் விழும் சன்னலில் வைத்தார். மேலதிகாரி வர மூன்று மணி நேரமானது. அவர் மோந்துவிட்டுச் சாராயமில்லை என்றார். குப்பியில் இருந்தது வெளிறிய மஞ்சள் திரவம்.

“ஒரு துளி எடுக்கல்ல. அளவு சரின்னு எழுதி ஒப்பு போடுங்க,” என்று காவலர் காகிதத்தை நீட்டினார்.

‘அளவு சரி. நான்கு வருடம் குறைகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள் லதிகா.