இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான்

வலது தூண்

பேண்டுச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. வாசல் வளைவின் வலது தூண் இன்னும் வரவில்லை. இடது தூண் மட்டும் செண்டுமல்லியும் ஜரிகையுமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தது. கல்யாண அலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: யோசித்து வைத்தது எதுவும் முழுசாக லாரியில் ஏறாது, ஏறியது எதுவும் நேரத்துக்கு இறங்காது.

எண்பதுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம். டெல்லியில் பணக்காரர்கள் வசிக்கும் கோல்ஃப் லிங்க்ஸ் பகுதியில் மிஸஸ் மல்ஹோத்ராவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். வழக்கமாக அந்த வீட்டுக்குச் செய்பவர் வேறு எங்கோ ஒப்புக்கொண்டுவிட்டதால் எனக்கு வந்த வேலை அது. அவ்வளவு பெரிய வீடு எனக்கு அதுதான் முதல். பந்தலும் தூண்களும் போகல் பகுதியில் டென்ட் கடை வைத்திருந்த பாஸினுடையவை. ஆட்களை மேய்ப்பவர் பாஸினின் மேஸ்திரி ராம்பல். டிசைன் மட்டும் என்னுடையது.

மறுநாள் காலை சரோஜினி நகரில் ஒரு நம்மூர்க் கல்யாணம். அதற்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சொல்லி வைத்து வாங்கிய இரண்டு வாழை மரங்கள் குலையோடு என் டெம்போவில் கிடந்தன. இடது தூணையும் எடுத்துவிடச் சொன்னேன். ராம்பல் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு எடுத்தார். ஊர்வலம் வந்தபோது வாசலின் இரண்டு பக்கமும் வாழை மரங்கள் நின்றன. மாப்பிள்ளை ஏறி வந்த வெள்ளைக் குதிரை வலது பக்கத்து இலையில் ஒரு வாய் கடித்தது. பிடித்துப் போய்விட்டது. இரண்டு வீட்டு ஆண்களும் மாலை போட்டுக் கட்டிக்கொள்ளும் சடங்கு முடிகிறவரை நிதானமாகத் தின்றது. எல்லோரும் சிரித்தார்கள். மிஸஸ் மல்ஹோத்ரா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல் ஹிந்தியில் சொன்னார்: "மிஸஸ் ராஜன், பார்க்க நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை அலங்காரம் பண்றதுக்கு முன்னாடி குதிரைக்குச் சாப்பாடு போட்டுடுங்க."

வீட்டில் பேசிக்கொண்டது

'அடுத்த தடவை' என்று அவர் சொன்னதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அது தேவைப்பட்டது. என் கணவரை அந்தக் கோடையில் நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை, அதாவது மார்ச் வரை, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருக்கலாம். அதற்குப் பிறகு எல்லோரும் நாக்பூர். அல்லது நானும் பிள்ளைகளும் இங்கே ஒரு வாடகை வீட்டில், அவர் மட்டும் அங்கே.

அவர் கோபக்காரர் இல்லை. மாதம் ஒரு முறை ரயிலில் வந்து, மளிகை வாங்கிப் போட்டு, பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துவிட்டுப் போவார். டிசம்பரில் வந்தபோது நான் குதிரைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். அப்புறம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: "முதல் தடவை ஆள் கிடைக்காம கூப்பிடுவாங்க. ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் அது தொழில். மார்ச்சுக்குள்ள ஒரு தடவை கூப்பிட்ட வீடே மறுபடி கூப்பிட்டா நீ இங்கேயே இரு. இல்லைன்னா, நாக்பூர்லயும் கல்யாணம் நடக்குது."

கோலம்

அந்த சரோஜினி நகர் கல்யாணத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா எங்கள் தெருக்காரர், மத்திய சர்க்கார் உத்தியோகம். விடிந்ததும் வாழை மரங்களைக் கொண்டு போய் இறக்கினேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாதி இலை எங்கே என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. குதிரை தின்றுவிட்டது என்றேன். கடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளை ஏறி வந்த குதிரைதானே? அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

வாசலில் பெரிய கோலமாகப் போட்டுக் காவி இட்டுவிட்டு, நான் மணவறையைப் பார்க்கப் போனேன். நேரமாகியும் சம்பந்தி வீட்டாரைக் காணோம். அவர்கள் பின்வாசல் வழியாகச் சமையல் கொட்டகைக்குள் வந்து, கொதிக்கிற சாம்பாருக்கும் வாழைக்காய்க் கூடைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். கையில் வெள்ளிச் சொம்புடன் மாப்பிள்ளையின் அம்மா, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல். வாசலுக்கு ஓடினேன். அங்கேயும் பந்தல் போட வந்திருந்த ராம்பல் கோலத்தைச் சுற்றி நாலு பக்கமும் பூந்தொட்டி வைத்து, கயிறு கட்டி, வழியை அடைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆளையும் காவலுக்கு நிறுத்தியிருந்தார். கோலத்தைத் தாண்டித்தான் எல்லோரும் வருவார்கள், கொஞ்சம் கலையும், அதனால் ஒன்றுமில்லை என்று விளக்கினேன். அவர் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. "மேடம்ஜி, மிதிக்கிறதுக்கா விடிஞ்சதும் விடியாததுமா வந்து குனிஞ்சு குனிஞ்சு போட்டீங்க?"

வெள்ளை

ஜனவரியில் மிஸஸ் மல்ஹோத்ராவின் சிநேகிதி மிஸஸ் கபூர் கூப்பிட்டார். வசந்த் விஹார் வீட்டுப் புல்வெளியில், பகல் வெயிலில், பையனுக்கு நிச்சயதார்த்தம். அவர் அப்போதுதான் லண்டன் போய்விட்டு வந்திருந்தார். எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். பந்தல் வெள்ளை, தரை விரிப்பு வெள்ளை, திண்டு வெள்ளை. மல்லிகைச் சரமும் வெள்ளை வேட்டியும் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ராம்பல் மட்டும் லாரியிலிருந்து துணியை இறக்கும்போது, "எல்லாமே வெள்ளையா?" என்று கேட்டார். எல்லாமே என்றேன்.

விருந்தினர் வந்துகொண்டிருந்தார்கள். மிஸஸ் மல்ஹோத்ராவும் வந்திருந்தார். அப்போது லூதியானாவிலிருந்து மிஸஸ் கபூரின் மாமியார், எல்லோரும் பீஜி என்று கூப்பிடுகிற அம்மாள், காரிலிருந்து இறங்கினார். பந்தலைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து கை கூப்பினார். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, யார் போனது என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களை உட்கார வைப்பது அப்படித்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மிஸஸ் கபூர் எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பி, "யார் உங்களை வெள்ளை போடச் சொன்னது?" என்றார். நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். மாமியார் உட்கார்ந்திருந்தார், வரப்போகிற சம்பந்திகள் நின்றிருந்தார்கள். "என் தப்புதான் பீஜி, எங்க ஊர்ல வெள்ளைதான் மங்களம்" என்றேன். அதற்குள் ராம்பல் சிவப்புப் பட்டித் துணிகளையும் மஞ்சள் விரிப்பையும் சுமந்துகொண்டு வந்துவிட்டார். யாரும் சொல்லாமலே லாரியில் ஏற்றி வைத்திருந்தார். மஞ்சள் விரிப்பில் மாறி உட்கார்ந்த பிறகு பீஜி என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நல்லவேளை, கேட்டுட்டேன் மகளே. அழ ஆரம்பிச்சிருந்தா என்னால நிறுத்த முடியாது."

மாமியின் போன்

பிப்ரவரியில் யாரும் கூப்பிடவில்லை. மிஸஸ் கபூர் வீட்டுக் கதை டெல்லி முழுக்கப் போய்விட்டது என்று நினைத்தேன். என் வீட்டில் போன் கிடையாது. என் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த எண் இரண்டு வீடு தள்ளி இருந்த கோமளா மாமியுடையது. போன் வந்தால் மாமி பால்கனியில் நின்று, "வசந்தா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் வெளியே போயிருந்தால் அவளே பேசுவாள். கும்பகோணம் ஹிந்தி. ரோஜா வேண்டும் என்று கேட்டவர்களிடம், "ரோஜா ஜல்தி வாடிடும், வேற வெச்சுக்கோங்கோ" என்று அவளாகவே சொன்னதும் உண்டு.

மார்ச் தொடக்கத்தில் மாமி வீட்டுக்கு அப்பளம் கொடுக்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, கோல்ஃப் லிங்க்ஸ் பொம்மனாட்டி போன வாரம் போன் பண்ணினாள் என்றாள். நான் எந்த கோல்ஃப் லிங்க்ஸ் என்றேன். குதிரைக்காரி என்றாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒரு மாதமாகக் கூப்பிடுகிற எல்லோரிடமும் நான் நாக்பூர் போகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் மாமிக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் நியாயத்தை விடவில்லை. "ஊரை விட்டுப் போறவகிட்ட ஆர்டர் கொடுத்துட்டு அவா ஏமாறப்படாதோன்னோ? நீயே வந்து பேசியிருந்தாலும் அதைத்தானேடி சொல்லியிருப்பே?"

பெட்டிகள்

பாஸினிடம் போய், நானே கோல்ஃப் லிங்க்ஸ் போய் மிஸஸ் மல்ஹோத்ராவைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நாமா போய்க் கதவைத் தட்டினா டென்ட்காரன். அவங்க தேடி வந்தா டிசைனர். நீங்க எது?" என்றார். நான் போகவில்லை. என் கணவர் வந்தார். பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினோம். மூன்று ட்ரங்குப் பெட்டிகளை வராந்தாவில் வரிசையாக வைத்து, என் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் 'நாக்பூர்' என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். ஒன்றில் அவருடைய துணிகள், மற்ற இரண்டில் எனக்கும் பிள்ளைகளுக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மிஸஸ் மல்ஹோத்ரா இறங்கி, வழி கேட்டு, எங்கள் வராந்தாவுக்கு வந்தார். கட்டாமல் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை.

"ரெண்டாவது பொண்ணுக்கு முடிவாயிடுச்சு. மே மாசம். போன்ல ஒரு அம்மா நீங்க போறீங்கன்னாங்க. போயிட்டீங்களான்னு பார்க்க வந்தேன்."

நான் கபூர் வீட்டு விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெள்ளைதான் வேணும்னு அவ என்கிட்டயும் சொன்னா. கடையில என்னையும் கூட்டிட்டுப் போய்த்தான் துணி பார்த்தா. நீங்க உங்க தப்புன்னு சொன்னீங்க. கல்யாண வீட்ல எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும். அன்னிக்கு வலது தூண் வராததும் எனக்குத் தெரியும். பாஸினைக் கூப்பிட்டுக் கேட்டேன்." மறுபடி பெட்டிகளைப் பார்த்தார். "மே மாசம் டெல்லியில இருப்பீங்களா?"

என் கணவர் கையில் கயிற்றோடு உள்வாசலில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இருப்பேன் என்றேன். மிஸஸ் மல்ஹோத்ரா எழுந்தார். படியில் இறங்கும்போது திரும்பினார். "வாழை மரம்தான் வேணும். குதிரைக்குத் தனியா ரெண்டு."

கார் போவதற்குள் கோமளா மாமி வந்துவிட்டாள். யமுனைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கட்டிய மயூர் விஹாரில் அவளுடைய தம்பியின் வீடு பூட்டியே கிடக்கிறதாம். வாடகைக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றாள். அதற்குப் பிறகு கோல்ஃப் லிங்க்ஸ் வீட்டு விசேஷம் எதுவும் நான் இல்லாமல் நடந்ததில்லை, இன்றைக்கும் பூக்காரனுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் குதிரைக்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மாமி பேசிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்குக் காப்பி கலப்பதற்காக, சுற்றி வைத்த டம்ளர்களில் ஒன்றைக் காகிதத்திலிருந்து பிரித்தேன். என் கணவர் ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு வராந்தாவில் குனிந்து உட்கார்ந்தார். இரண்டு பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததை அழுத்தித் துடைத்து எடுத்தார். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்.