காற்றை அளக்க வந்த பரிமளா

2003இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக ஆரணியின் காற்றை அளந்து, அதைச் சீராக்கத் திட்டம் எழுதும் வேலை பரிமளாவுக்குக் கிடைத்தது. நெசவாளர் வீட்டுப் பெண் அவள். நெய்வதற்காகத் தெருவில் நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவின்மேல் அரிசி மில்லின் உமிச்சாம்பல் விழுவதைப் பார்த்தே வளர்ந்தவள். அதனால் அளக்கும் கருவியைத் தன் வீட்டு மாடியிலேயே வைத்தாள். மில்லை ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி அறிக்கையும் எழுதிவிட்டாள். ஆனாலும் மில்லுக்குள் ஒருமுறைகூடப் பார்க்காமல் எழுதியதால் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அறிக்கையை அனுப்புமுன் மில்லுக்கே போனாள்.

மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த கூலிப்பெண் காத்தாயி, இருமல் அடங்கியதும் கேட்டாள்: "பாவுல விழுற சாம்பல அளந்துகினு இருக்கீங்களாமே. எங்க நெஞ்சுல விழுறத யாருங்க அளப்பாங்க? மில்லு தூரமாப் போனா சாம்பலும் எங்க கூடத்தான வரும்?"

மறுநாளே பரிமளா கருவியைக் களத்துக்கு மாற்றினாள். தெருவைவிட அங்கே தூசி மூன்று மடங்கு இருந்தது. மில்லை மாற்றுவதற்குப் பதிலாக, புகைபோக்கியிலேயே சாம்பலைப் பிடிக்கும் தொட்டி வேண்டும் என்று அறிக்கையைத் திருத்தினாள்.

"நம்ம பொண்ணே நம்மள கைவிட்டுடுச்சே" என்றார்கள் தெருக்காரர்கள்.

ஒன்றரை ஆண்டு அலைந்த பிறகு தொட்டி வந்தது. அன்று பாவில் ஒரு கறைகூட இல்லை. பரிமளாவோ, காத்தாயியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், எக்ஸ்ரே வரும்வரை உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள்.