ஃபத்தாக் புல்லில் ஒரு கூடு

ட்ரியோலே ஊரில் எங்கள் கரும்பு வயலின் ஓரத்தில், மாட்டுக்காக விட்டிருந்த ஃபத்தாக் புல்லுக்குள் ஒரு சிவப்புக் குருவி கூடு கட்டியிருந்தது. ஊரில் அதைக் கார்தினால் என்போம். சிவப்பெல்லாம் ஆணுக்குத்தான், பெட்டை காய்ந்த புல்லின் நிறம். புல்லறுக்கப் போன நான் அந்தக் கொத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

அந்த வருஷம் குளிர்காய்ச்சலில் மூன்று மாதம் படுத்துக் கிடந்திருந்தேன். என் கைக்குழந்தையை ஓரகத்தி அக்காதான் தன் மகனோடு சேர்த்துப் பால் கொடுத்துக் காப்பாற்றினாள். நான் எழுந்து நடமாடியபோது மகள் என்னிடம் வர மறுத்தாள். தூக்கினால் அலறுவாள், அக்காவின் இடுப்புக்குப் போனதும் அடங்கிவிடுவாள். பழகிவிடும், அவசரப்படாதே என்று அக்கா சொல்வாள். அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. அவள் குரலில் பெருமை இருப்பதாகவே பட்டது.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல், மாட்டைச் சாக்கு வைத்துத் தினமும் வயலுக்குப் போனேன். கூட்டில் மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. பெட்டை புழுவோடு வந்து உட்கார்ந்ததும் புல் லேசாக ஆடும். உடனே மூன்று வாயும் திறக்கும். அந்தக் குருவியின் மேல்கூடப் பொறாமைப்பட்டேன். ஒரு முறை மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட்டேன்.

ஒருநாள் பெட்டை இரை தேடிப் போயிருந்த நேரம். கரும்புத் தோகையில் ஊர்ந்த பச்சைப்புழு ஒன்றைப் பிடித்துக் கூட்டு வாசலில் நீட்டினேன். கண் திறக்காத அந்தக் குஞ்சுகள் எனக்கும் வாயைத் திறந்தன. ஒன்று புழுவை விழுங்கியது.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம், "இனிமே பிள்ளைக்கு நான்தான் சோறு ஊட்டுவேன். அவ அழுதாலும் நீங்க வராதீங்க" என்றேன்.

அக்கா கிண்ணத்தை என் கையில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

முதல் இரண்டு நாள் மகள் துப்பினாள். மூன்றாம் நாள் பசி பொறுக்காமல் நாலு வாய் வாங்கினாள். குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்த வாரத்தில், ஒரு மாலை, தானாகவே என்னிடம் கையை நீட்டித் தாவினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான்; மகள் அவள் இடுப்பில் இருந்தபோது நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன். அவளையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். நான் கூப்பிடவில்லை.