பேத்தை மீனின் நான்கு பற்கள்

பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வண்ண மீன் கடையொன்றில் என் கணவர் அதைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு. தொட்டியிலிருந்த மற்ற மீன்கள் தம்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்க, இது மட்டும் நின்று எங்களைப் பார்த்தது. ஒரு கண் அவர் பக்கம், இன்னொரு கண் என் பக்கம்.

"பேத்தை மீன் சார். எதப் போட்டாலும் தின்னும். தண்ணியில கொஞ்சம் கல்லுப்பு மட்டும் போட்டுக்கினா போதும்" என்றார் கடைக்காரர்.

குவார்ட்டர்ஸ் ஹாலில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தோம். அவர் நிலக்கரி மைன்ஸில் ஃபிட்டர். ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் மெஷினும்தான். நான் ரவிக்கை தைக்கும்போது மீன் கண்ணாடியோரம் வந்து நின்றுகொள்ளும். ஊசி மேலும் கீழும் போவதை அதன் கண்கள் தொடரும். மீனுக்கு இப்படியெல்லாம் பார்க்கத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடையில் கொடுத்த காய்ந்த புழுவைத்தான் போட்டுவந்தோம். மாதங்கள் போயின, மீன் எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தது. அப்புறம் ஒருநாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பசியில்லாமல் இல்லை. புழுவைப் பார்த்ததும் பாய்ந்து வரும், வாயில் வாங்கும், உடனே துப்பிவிடும். மறுபடி வரும், மறுபடி துப்பும். வயிறு ஒட்டிக்கொண்டே போனது.

என் கணவர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். "வாயப் பாரு" என்றார்.

மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நான்கே பற்கள். கிளியின் அலகு மாதிரி நீண்டு, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. வாயைச் சரியாகத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

போனில் தேடிப் படித்தோம். இந்த மீனுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளருமாம். நத்தை, நண்டு என்று ஓட்டோடு கடித்துத் தின்றால் தானே தேய்ந்துவிடும். மெத்தென்ற தீனியையே போட்டால் வளர்ந்து வாயை அடைத்துவிடும்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய வேலையே, மண் வெட்டும் ராட்சதச் சக்கரத்தில் தேய்ந்துபோன பற்களைக் கழற்றிப் புதிது மாட்டுவதுதான். "அங்க பல்லு தேஞ்சி போச்சேன்னு அடிச்சிக்கிறோம். இங்க தேயலன்னு இது பட்டினி கெடக்குது."

அதிகமாக வளர்ந்த பல்லை வெட்டித்தான் ஆகவேண்டும். கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து மீனை மயக்கிவிட்டு வெட்டலாம் என்று போட்டிருந்தது. நாட்டு மருந்துக் கடை பாயிடம் எண்ணெய் கேட்டேன்.

"பல்வலியாம்மா?"

"பல்லுக்குத்தான் பாய்" என்றேன். யாருடைய பல் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தோம். மீன் தள்ளாடியது, பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. ஈரத் துணியில் எடுத்து அவர் பிடித்துக்கொண்டார். நகவெட்டியை முதலில் அவர்தான் எடுத்தார், பல்லருகே கொண்டுபோய்விட்டு என்னிடமே நீட்டினார். ஆள் உயர ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அது அடங்கவில்லை.

"நீ வெட்டும்மா. உனக்குத்தான் ஊசி புடிச்ச கை."

மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். "டக்" என்று ஒரு துணுக்கு தெறித்தது. இன்னும் கொஞ்சம். நல்ல தண்ணீரில் விட்டபோது மீன் அடியில் மல்லாந்து கிடந்தது. "அவ்வளவுதான், போச்சு" என்று நினைத்துக்கொண்டேன். அவர் தொட்டியை விட்டு நகரவில்லை. நான் செபம் சொல்லத் தொடங்கி முடிப்பதற்குள் ஒரு துடுப்பு துடித்தது. பிறகு மற்றது. மீன் புரண்டு நிமிர்ந்து, எங்களைப் பார்த்தது.

கீழ் வீட்டு டீச்சர் தொட்டியில் அல்லி வளர்த்துவந்தார். இலையெல்லாம் நத்தை. கேட்டதும், "எல்லாத்தையும் அள்ளிக்கினு போங்க, புண்ணியமாப் போவும்" என்றார்.

முதல் நத்தையைப் போட்டேன். மீன் பக்கத்தில் வந்து நின்றது. பாயவில்லை. முதலில் ஒரு கண்ணால் பார்த்தது, திரும்பி மறு கண்ணால் பார்த்தது. நத்தை தலையை வெளியே நீட்டும்வரை காத்திருந்தது. பிறகு ஒரே கடி.

அந்தச் சத்தம்! தொட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற உயிர், மிளகளவு வாய். கல் மாதிரி இருந்த ஓடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறந்ததிலிருந்து ஒரு நத்தையைக்கூடப் பார்த்திராத மீன். எப்படித் தெரிந்தது அதற்கு?

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் அக்கா வந்தாள். கடலூர் துறைமுகத்துப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கேட்டாள்:

"யாருடி அது, பாக்கு கடிக்கறது?"

கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். முகம் சுளித்தாள். "அடிப்பாவி, இது பேத்தையாச்சே! வெசம்டி. வலையில வந்தா கரையில கடாசிட்டுப் போவோம். இதப் போயி வூட்ல வச்சி வளக்கறீங்களா?"

அவள் கையில் ஒரு நத்தையைக் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகப் போட்டாள். மீன் வந்தது, பார்த்தது, காத்திருந்தது, கடித்தது. அக்கா மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொண்ணு குடு" என்றாள். வெகுநேரம் கழித்து, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்:

"எத்தினி பாத்திருப்பேன். காத்த ஊதிக்கினு மணல்ல உருண்டுக்கினு கெடக்கும். பசங்க பந்து மாதிரி ஒதைப்பானுங்க. அதுக்கு ஒரு வாய் இருக்குதுன்னு குனிஞ்சி பாத்ததில்லடி."

அதன்பிறகு வரும்போதெல்லாம் முகத்துவாரத்திலிருந்து பொடி மட்டிச் சிப்பியை ஓட்டோடு தூக்குவாளியில் கொண்டுவருவாள். என்னை விசாரிப்பதற்கு முன் தொட்டியைத்தான் பார்ப்பாள். நகவெட்டியை மறுபடி எடுக்க வேண்டியே வரவில்லை.

பல வருஷம் எங்களோடு இருந்தது. ஒரு மழைக்காலத்துக் காலையில் அடியில் அசையாமல் கிடந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கடைசியா சாப்டுச்சா?" என்று கேட்டாள்.

"நேத்துகூட ஒரு நத்தை உடைச்சுதுக்கா."

"சரி" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.