காது மெஷினும் ஒரு கையெழுத்தும்

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். தகட்டை அடித்து வளைக்கும் அந்தச் சத்தத்திலேயே பல வருஷம் நின்றதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முகப்பேரில் ஒரு கடையில் காது மெஷின் வாங்கினோம். முதல் வாரமே அது கீச்சென்று விசில் அடிக்க ஆரம்பித்தது. பேச்சு மட்டும் கேட்கவில்லை.

கடைக்கு நடையாய் நடந்தோம். "பழகிடும்மா, எல்லாருக்கும் மொதல்ல இப்டித்தான்" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவைத்தார்கள். கடைசியாகப் போனபோது கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வாரன்டி அட்டையை நீட்டினேன்.

"அதெல்லாம் மெஷின் ஒடஞ்சாத்தான்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். நாலு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தானோ என்ற நினைப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னோடு ஏற்றுமதி கம்பெனியில் தைக்கும் ஒருத்திதான் வழி சொன்னாள். "வாயால சொல்லிகினே இருந்தா காத்தோட பூடும்க்கா. எழுதிக் குடு. கேக்கலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ. என் ஃப்ரிட்ஜுக்கு நான் அப்டித்தான் பணம் வாங்கினேன். வக்கீலுகூட வெச்சிக்கல."

கடைக்குத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. திருவள்ளூரில் உள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். வாங்கிய கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது அங்கேதான் தெரிந்தது. நாங்கள் இருப்பது ஆவடி சேக்காடு. புகாரை வாங்கிப் பார்த்த எழுத்தர், பக்க எண் போடவில்லை, நகல் குறைகிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். ஆனால் என்ன குறை என்று பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார்.

இரண்டு வாய்தா போனது. மூன்றாவதில் கடைக்காரரின் வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். 'மெஷின் நன்றாக வேலை செய்கிறது, எனக்கு முழுத் திருப்தி' என்று அச்சடித்து, கீழே என் கணவரின் கையெழுத்து. அப்படி ஒரு காகிதம் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு லீவு கிடைக்காத ஒருநாள் இவர் தனியாகக் கடைக்குப் போய்வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆணையத் தலைவரான அம்மா இவரைப் பார்த்து, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். காதருகே குனிந்து சொன்னேன்.

"என்னுதுதான் மேடம்."

"படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?"

அதையும் நான் காதில் சொன்னேன். இவரே பதில் சொன்னார்: "கண்ணாடி எட்த்துகினு போவல மேடம். கடைல இன்னாவோ சொன்னாங்கோ, எனக்குக் கேக்கல. கேட்டுருந்தா எனக்கு மெஷினே வாணாமே!"

கூடமே சிரித்தது. இவரும் சிரித்தார்.

"அந்த மெஷினை இப்பப் போடுங்க" என்றார் தலைவர். பையிலிருந்த டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். போட்ட மாத்திரத்தில் விசில் அறை முழுக்கக் கேட்டது. வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அந்தக் காகிதத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. காதை முறையாகப் பரிசோதித்து, அளவெடுத்து, வேறு மெஷின் தரவேண்டும். எங்கள் அலைச்சலுக்கும் ஈடு தரவேண்டும். தபால்காரரை வாசலில் நிற்கவைத்துக்கொண்டே அதை இரண்டு முறை படித்தேன்.

புது மெஷினை மாட்டிக்கொண்டு முகப்பேரில் பஸ் ஏறினோம். பின்னாலிருந்து கண்டக்டர், "எங்க போவணும்?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே இவர் திரும்பி, "ஆவடி ரெண்டு" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.