எத்தனை சார் வரணும்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவே இருக்கும் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இது நடந்தது. நான் அங்கே வேலை பார்ப்பவன் அல்ல. காரைக்குடியில் வேறொரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், அல்லது அப்படிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அன்று அங்கே செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன்.

வெளித்தேர்வாளர் என்பது எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு அடுத்தபடியான பதவி. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போடுவார்கள். காபி வரும், வடை வரும், கொஞ்ச நேரம் கழித்து மோர் வரும். மதியச் சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும் என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுவார்கள். எனக்குக் கோழி உப்புக்கறி பிடிக்கும் என்பது இந்த வட்டாரத்து வேதியியல் துறைகள் அனைத்துக்கும் தெரியும். என் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

முதலாமாண்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைப் பல வருடங்களாக மனதுக்குள் சேர்த்துவைத்திருக்கிறேன். எலெக்ட்ரானைப் பார்த்தவர் யார் என்று கேட்பார்கள். முட்டையை டஜன் கணக்கில் எண்ணுகிற மாதிரி அணுவை ஏன் மோல் கணக்கில் எண்ண வேண்டும், டஜனே போதாதா என்பார்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றுவதா, தண்ணீரில் அமிலத்தை ஊற்றுவதா என்று பாட்டிலைக் கையில் தூக்கிய பிறகு கேட்பார்கள். ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது. ஆனால் ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எத்தனை சார் வரணும்?"

வேதியியல் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். டைட்ரேஷன் என்று ஒரு சோதனை. குடுவையில் அமிலத்தை அளந்து எடுத்து, நிறம் காட்டும் திரவம் ஒன்றைச் சில சொட்டுகள் விட்டுக்கொள்ள வேண்டும். மேலே நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிறிய இளஞ்சிவப்பு வந்து நிலைத்ததும் குழாயை மூடி, எத்தனை மில்லி இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

தேர்வில் இது இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியில் எல்லோருக்கும் ஒரே அமிலம், ஒரே காரம், ஆகவே ஒரே எண். இரண்டாவது பகுதியில் ஒவ்வொருவருக்கும் வேறு அளவு அமிலம் கொடுப்போம், எண்ணும் மாறும். முதல் பகுதி எண்ணை வைத்துத்தான் இரண்டாவதைக் கணக்கிட வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே எண் என்று தெரிந்துவிட்ட பிறகு அதைத் தனித்தனியாகக் கண்டுபிடிப்பானேன் என்பது பிள்ளைகளின் வாதம். முன் மேசையில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எண்ணைக் கண்டுபிடிக்கும். யாராவது குடுவை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவார்கள். திரும்பும்போது கையில் குடுவையும் வாயில் எண்ணும் இருக்கும். அன்று அந்த எண் 19.8. மோர் குடித்து முடிப்பதற்குள் அது கடைசி மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை நான் நாற்காலியில் இருந்தபடியே கண்டுகொண்டேன். கண்டுகொள்ளாமலும் இருந்தேன். அதுவும் அந்தப் பதவியின் வழக்கம்தான்.

மதியம் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தேன். 19.8, 19.8, 19.8. கைபேசி எண்ணைப்போல மனப்பாடமே ஆகிவிட்டது. துறை அறையிலிருந்து உப்புக்கறி வாசம் வர ஆரம்பித்திருந்ததால் என் வேகமும் கூடியிருந்தது. அப்போது ஒரு தாளில் 22.1 என்று இருந்தது.

கடைசி மேசைப் பெண். போன வருடம் தோற்ற தேர்வை மறுபடி எழுதுபவள் என்று உள்தேர்வாளரான அந்தக் கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். கூப்பிட்டேன். வந்து நின்றாள். திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டின் ரப்பர் பந்தைக் கையில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் பத்தொன்பது பாயிண்ட் எட்டு. உனக்கு மட்டும் எப்படிம்மா இருபத்திரண்டு?"

"எனக்கு அதுதான் சார் வந்துச்சு."

"பக்கத்துல கேக்கலையா?" என்றேன். கிண்டல் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"கேட்டேன் சார். சொன்னாக. ஆனா எனக்கு அது வரல."

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது போன வருசமும் இப்படித்தான் சார். விடுங்க, சாப்பாடு ஆறுது. வாரீகளா?"

"போன வருசம் இப்படி இல்ல சார்," என்றாள் அவள், அவரைப் பார்த்து. "போன வருசம் முதல் எண்ணையும் பாத்து எழுதுனேன், ரெண்டாவதயும் பாத்து எழுதிட்டேன். ரெண்டாவது ஆளாளுக்கு மாறும்னு எனக்குத் தெரியாது. இந்த வாட்டியும் போச்சுன்னா எங்க மாவு மில்லுல வந்து நில்லுன்டாக அப்பா. மொளகாத் தூளு எனக்கு ஆகாது சார், தும்மிக்கிட்டே இருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பேனாவைத் திறந்து 22.1 மேல் வைத்தேன். ஒரு சுழி, பக்கத்தில் ஒரு பிழைக்குறி, அவ்வளவுதான் வேலை. அந்தச் சுழியோடு அவள் மில்லுக்குப் போவாள், நான் சாப்பிடப் போவேன்.

"சார், ஒரு டவுட்," என்றாள்.

வெளித்தேர்வாளரிடம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. அவர்தான் கேட்பார்.

"எனக்கு வந்தத எழுதணுமா, வரவேண்டியத எழுதணுமா?"

என் சேகரிப்பில் இல்லாத கேள்வி இது. பாடப்புத்தகத்துக்குள் பதில் இருக்கிறது, ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கையில் பேனாவோடு, அவள் எண்ணின் மேல் அதை ஊன்றிக்கொண்டு, அந்த வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துறைக் கூட்டங்களில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டே தலை நரைத்தவன் நான்.

தாளை மறுபடி பார்த்தேன். மூன்று முறை செய்திருந்தாள். 22.0, 22.1, 22.1. பொய் எழுதுகிறவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து எழுதுவார்கள். தன்னந்தனியாக ஒரு பொய்யைச் சொல்லி, அதற்காகத் தோற்கவும் யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

"இவங்க மேசைக் கரைசலைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. நான் போட்டுப் பாக்குறேன்," என்றேன்.

வெளித்தேர்வாளர் பிப்பெட்டைத் தொட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் குழாயின் கோடுகள் தெரியவில்லை, போட்டால் இரண்டிரண்டாகத் தெரிந்தன. முதல் முறை குழாயைத் திருப்பியது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வெளிறிய நிறம் வர வேண்டிய குடுவையில் ரோஸ்மில்க் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது:

"எத்தனை சார் வந்துச்சு?"

நானும் சிரித்துவிட்டேன். இரண்டாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். கடைசியில் ஒரு சொட்டு குழாய் முனையில் தொங்கிக்கொண்டு யோசித்தது. விழுந்தது. குடுவையைச் சுழற்றினேன். நிறம் வந்து நின்றது. 22.1.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானும் ஒரு முறை பார்த்தார். பிறகு ஆய்வக உதவியாளரைப் பார்த்தார். அவர் காதோரம் சொறிந்துகொண்டார்.

"காலையில வச்ச காரக் கரைசல் பாட்டில் பாதியிலயே தீந்து போச்சு சார். அங்குட்டு மூணு மேசைக்கும் அதுதான். இந்தக் கடைசி மேசைக்கு மட்டும் புதுசாக் கலக்கி வச்சேன். சாருகிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தீக."

புதிதாகக் கலக்கியது நீர்த்துப்போயிருந்தது. அதனால்தான் அதிகம் இறங்கியிருக்கிறது. அப்படியானால் அந்த மேசையில் 19.8 என்று எழுதிய மற்றவர்களின் கணக்கு? முதல் எண் ஊராருடையது, இரண்டாவது எண் அவர்களுடையது. இரண்டையும் கலந்தால் விடை எங்கேயோ போய்விடும். அந்த மேசையில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றிருப்பார்கள். அவளை நான் தோற்கடித்திருப்பேன்.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கும் இருவத்திரெண்டுதான் சார் வந்துச்சு. நாந்தான் தப்பாப் பண்ணிட்டேன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

"நாந்தான் சொன்னேன்ல, அழிக்காதடின்னு," என்றாள் மாவு மில்காரி.

"நீ போன வருசம் பெயிலானவ. ஒன் பேச்ச எப்படிடி நம்புறது?"

அதுவும் நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

பேராசிரியரும் நானும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினோம். தவறு எங்கள் பக்கம்; கரைசல் மாறியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்த மேசைக்காரர்கள் முதல் பகுதியை மறுபடி செய்து எழுதட்டும் என்று முடிவானது. செய்தார்கள். இந்த முறை யாரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஒருவருக்கு 22.0 வந்தது, ஒருவருக்கு 22.2, அழித்த பெண்ணுக்கு 22.1. எண்கள் ஒன்றுபோல் இல்லாமலிருப்பதைப் பார்க்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மாவு மில்காரி தேறினாள். முதல் மதிப்பெண் எல்லாம் இல்லை. விடைக்குப் பக்கத்தில் அலகு எழுத மறந்திருந்தாள். அதற்கு மதிப்பெண் குறைத்தேன். அவ்வளவு நடந்த பிறகுமா என்று பேராசிரியர் கேட்டார். அவ்வளவு நடந்த பிறகுதான் என்றேன். போகும்போது அவளைக் கூப்பிட்டு, "உனக்கு வந்ததைத்தான் எழுதணும்மா," என்றேன். அதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று நினைவு வந்தது. அவள், "சரி சார்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

உப்புக்கறி ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. சாப்பிட்டேன். காரைக்குடி செக்காலையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, உங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது, சாப்பாடு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். என்னைப் புரிந்தவள்.

இப்போது என் ஆய்வகத்தில் யாராவது "எத்தனை சார் வரணும்?" என்றால், "உனக்கு எத்தனை வந்துச்சு?" என்று திருப்பிக் கேட்கிறேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை. இந்த ஆளுக்கே தெரியாது போலிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். கூட்டங்களில் எல்லோரும் கையெழுத்திட்ட தாள் என்னிடம் வரும்போதும், பேனா மூடியைத் திறப்பதற்கு முன்பு எனக்கு எத்தனை வந்தது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். வந்ததை ஒவ்வொரு முறையும் தைரியமாக எழுதிவிடுகிறேன் என்று உங்களிடம் சொன்னேனானால், அது அந்தக் கடைசி மேசையில் எழுதிய 19.8-ஐப் போன்றதுதான்.