கையால்கூடத் தொடாத உரம்

என் அக்காவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் உப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்துக் கழிவுநீர் மொத்தமும் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு வேலை. கழிவிலிருக்கும் பாஸ்பரஸ் குழாய்களுக்குள் கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளும். பல வருடம் அதை உளியால் கொத்திக் கொத்தியே அவள் தோள்பட்டை தேய்ந்தது. பிறகு ஒரு இயந்திரம் வந்தது. சேற்றைப் பிழிந்தெடுத்த தண்ணீரில் மெக்னீசியம் உப்பைக் கலந்து சுழலவிட்டால், குழாயை அடைத்த அதே சமாச்சாரம் கல் உப்பு மாதிரி வெள்ளையாக அடியில் தங்கும். கழுவிக் காயவைத்தால் உரம். நாற்றம் துளிகூடக் கிடையாது.

"எத்தன வருஷம் என் உயிர வாங்குன சனியன், இப்போ செடிக்குச் சாப்பாடு ஆயிடுச்சு பாருடி!" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். நிலையத்தில் அந்த உரப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. பெருமையில் தலைகால் புரியாது அவளுக்கு. எனக்கும்தான்.

அந்த உரத்தால் அதிகம் பிழைத்தது யார்? மாமா, அக்காவின் வீட்டுக்காரர். குத்தகை நிலத்தில் தக்காளியும் கத்தரியும் போட்டு, தானே கடை வைத்து விற்பவர். சோதனை உரம் என்று நிலையத்தில் கொடுத்த மூட்டைகளை அக்கா வாங்கி வந்து கொடுப்பாள். நோஞ்சானாக நின்ற செடியெல்லாம் கொத்துக்கொத்தாகக் காய்த்தது. கடைக்குக் கூரை மாறியதே அந்த வரும்படியில்தான். "எல்லாம் உங்க அக்கா கைராசி" என்று என்னிடம் வாய் நிறையச் சொன்ன மனுஷன்.

நிலையத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு விஷயம் எட்டியதும் பிடித்தது சண்டை. சாக்கடையில் எடுத்ததைச் சோற்றில் கலக்கிறார்களாம்! பிரிவை மூடச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். நிலையத்துப் பொறியாளர் அக்காவைக் கூப்பிட்டு, "போட்டுப் பார்த்த விவசாயி ஒருத்தராவது எழுந்து சொன்னாத்தான் நான் மேலிடத்துல பேச முடியும்மா" என்றார்.

"யாரோ எதுக்கு சார், என் வீட்டுக்காரரே வருவார்."

மாமாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "இதுக்குப் போயி கவலைப்படுறியே, நான் பாத்துக்கறேன் போ" என்று அவள் தோளில் தட்டினார். அவளும் நம்பினாள், பைத்தியக்காரி.

அடுத்த கூட்டம் நடந்த மண்டபத்தில் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார், மாமாவிடம் மொத்தமாகக் காய் வாங்கும் உணவுவிடுதிக்காரர். மாமா எழுந்தார். அவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என் காய் சுத்தமான காய். அந்த உரத்த நான் கையாலகூடத் தொட்டதில்ல."

வாய் கூசாமல் சொன்னார்! பின்னாலிருந்து ஒருவன், "கட்டின புருஷனே தொடலியாம், நம்ம தலையில கட்ட வந்துட்டாங்க!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எழுந்த என்னை அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பிரிவைப் பூட்டிவிட்டார்கள். குழாய்கள் மறுபடி அடைக்க ஆரம்பித்தன. அக்கா மறுபடி உளியைத் தூக்கினாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அடுப்படியில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நிலைப்படியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, செடியெல்லாம் சோந்து கிடக்கு. கிடங்குல அந்த உரம் மிச்சம் இருந்தா ரெண்டு மூட்ட எடுத்துட்டு வாயேன். யாருக்கும் தெரியாம."

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"வியாபாரம் போயிடும்னு பயந்து பொய் சொன்னீங்க. சரி, அதையும் முழுங்கியிருப்பேன். ஆனா அவன் கத்துனதும் எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அப்போ நான் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்களும் சிரிச்சீங்க."

அன்று மாலையே அக்கா என்னோடு கிளம்பி வந்துவிட்டாள்.